ஒரு கோடு சாஞ்ச கதை

விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவில் \ போடுகிறோம். லினக்ஸில் / போடுகிறோம். கோடு எந்தப் பக்கம் சாஞ்சா என்ன, இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க மக்களே. புரோகிராம் எழுதுற எத்தனையோ பேரோட தூக்கத்தைக் கெடுத்த கோடு இது.

1981-ல் வந்த எம்எஸ்-டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. அதனால / குறியை ஆப்ஷன்களுக்குக் கொடுத்துட்டாங்க. (டிஐஆர் பக்கத்துல /டபிள்யூ போடுவோமே, அதேதான்.) 1983-ல் இரண்டாம் பதிப்பு ஃபோல்டரோட வந்தது. யூனிக்ஸ் மாதிரி / வைக்கலாம்னா, அந்த சீட்டுல ஏற்கனவே துண்டு போட்டாச்சு! பழைய கட்டளைகள் கெட்டுப்போகக் கூடாதுன்னு \ வைத்தார்கள். பழைய மேக் இன்னும் தனி ரூட்டு, அங்கே : தான். 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகு அதுவும் / பக்கம் வந்துடுச்சு.

இதுல இன்னொரு கூத்து. சி மொழியில் \ குறிக்கு வேறு வேலை உண்டு. அதுக்குப் பின்னாடி ஆங்கில 'என்' வந்தா புது வரின்னு அர்த்தம். 'நியூ'ன்னு ஃபோல்டர் வச்சு, பாதையை அப்படியே புரோகிராமில் எழுதினா, பெயர் நடுவுல உடைஞ்சு நிக்கும்.

போன வருஷம் ஒரு நண்பர் பதறிப்போய் போன் பண்ணார். காலமான அவர் அப்பாவின் போட்டோக்களை வருஷவாரியா ஃபோல்டர் பிரிச்சு, விண்டோஸில் ஏதோ ஒரு மென்பொருளில் ஜிப் செய்திருக்கிறார். லினக்ஸில் பிரிச்சா ஒரு ஃபோல்டரும் இல்லை. "எல்லாம் கலைஞ்சு போச்சுங்க, எது எந்த வருஷம்னு அம்மாவுக்கே ஞாபகம் இல்ல"ன்னார். போய்ப் பார்த்தால் 'அப்பா\1974\கல்யாணம்' என்று நீள நீளமாக ஃபைல் பெயர்கள். ஜிப் விதிப்படி உள்ளே / தான் இருக்கணும். அந்த மென்பொருள் \ போட்டு வச்சிருக்கு. லினக்ஸுக்கு \ என்பது பெயரில் வரும் இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். வருஷமெல்லாம் பத்திரமா பெயருக்குள்ளேயே இருந்தது. \ வரும் இடத்தில் வெட்டி ஃபோல்டர் போட, பத்து வரி ஸ்கிரிப்ட் போதுமாயிருந்தது.

அதனால நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பாதையை ஒட்டும்போது கோட்டை நாமளா எழுத வேண்டாம். பைத்தானில் பாத்லிப் (2014-ல் வந்த 3.4 பதிப்பிலிருந்து இருக்கு), ஜாவாவில் ஃபைல்.செபரேட்டர், இதுங்க பார்த்துக்கும். ஆனா ஜிப், இணைய முகவரி மாதிரி வெளியூர் போற சமாச்சாரத்தில் எந்த சிஸ்டமா இருந்தாலும் / மட்டும்தான். முதல் விஷயத்தை எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறாங்க. ரெண்டாவதைத்தான் மறந்துடறாங்க.

பி.கு: மேக் வச்சிருக்கவங்க ஃபைண்டரில் ஒரு ஃபைல் பெயருக்குள்ள : போட்டுப் பாருங்க. இன்னிக்கும் விடாது :-)