துருவும் மரையும்

இரும்பைத் துரு தின்றுவிடுகிறது என்று நாம் எல்லோரும் சொல்லி வருகிறோம். அப்படியானால், பல வருஷங்களாகத் துருவுக்கு இரையாகிக் கிடந்த ஒரு போல்ட் மெலிந்து தளர்ந்து, ஸ்பானரை வைத்த மாத்திரத்தில் கையோடு கழன்று வந்துவிட வேண்டும். அவ்வாறு வராமல், புதிதாக முடுக்கிய நாளில் இருந்ததைவிடப் பன்மடங்கு பிடிவாதத்தோடு தன் துவாரத்தைப் பற்றிக்கொண்டு, தலை முறிந்தாலும் உடலை விட்டுக்கொடுக்காமல் அது நிற்பது ஏன் என்ற கேள்வி என்னை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கிறது. விடையை ரசாயன சாஸ்திரம் சொல்லுகிறது. இரும்பு தண்ணீரோடும் பிராணவாயுவோடும் கூடித் துருவாகும்போது, முன்பு தனக்குப் போதுமாயிருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்கிறது. திறந்த வெளியிலாவது அது செதில் செதிலாக உதிர்ந்து போகும். மரையோடு மரை பொருந்திய இடுக்கில் உதிர்வதற்கு வழி ஏது? குறுகிய வாய்ச் செம்பில் ஊறப்போட்ட கடலை பருத்துப் போய், கவிழ்த்தாலும் விழாமல் இறுகி நிற்பதுபோல, அது அங்கேயே பருத்து இறுகிவிடுகிறது.

மோட்டார் வண்டியில் இந்த அவஸ்தைக்கு முதன்மையாக உள்ளாகிறவை, புகை வெளியேறும் மானிஃபோல்டை எஞ்சினின் ஹெட்டோடு பிணைக்கும் ஸ்டட்டுகள் என்னும் தலையில்லாத போல்ட்டுகள். வண்டி ஓடும்போதெல்லாம் அவை தணல்போல் காய்கின்றன, நின்றபின் குளிர்கின்றன, காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் படிகிறது. சென்னையைப் போன்ற கடலோரப் பட்டணமாயிருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

என் வாலிபத்தில், புதுப்பேட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் அம்பாசடர் கார் ஒன்றில் அப்படி முறிந்துபோன ஸ்டட்டை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஸ்டட் ஹெட்டின் மட்டத்துக்குச் சற்றே மேலாக முறிந்திருந்தது; குறட்டால் பிடிக்க இடமில்லை. பக்கத்திலிருந்த பையன், “அண்ணே, ஓட்டை போட்டு ஈஸி அவுட் விட்டுத் திருகிடலாமே” என்றான். பெரியவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். அந்தக் கருவி கெட்டிப்படுத்திய எஃகு, உள்ளே முறிந்துவிட்டால் எந்த ட்ரில் பிட்டும் அதை அறுக்காது என்று அவனுக்கு விளக்கிவிட்டு, என்னைப் பார்த்து, “தம்பி, போல்ட் போனாப் போவட்டும், அது எட்டணாச் சாமான். ஹெட்டுல இருக்கற மரை போச்சுன்னா ஹெட்டே போச்சு” என்றார். போல்ட்டை எடுப்பதுதான் வேலை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, மரையைக் காப்பதே வேலை என்பது அன்றுதான் தெரிந்தது. அதன்பின் அவர் செய்த ஒவ்வொரு காரியத்தின் அர்த்தமும் எனக்குப் புலனாயிற்று.

முதல் நாள் மாலையே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். காலையில் சிறிய சுத்தியலால் ஸ்டட்டின் முகத்தில், பலத்தை உபயோகிக்காமல், சுற்றிச் சுற்றித் தட்டினார். துருவில் வெடிப்பு உண்டானால் அந்த வழியே எண்ணெய் இறங்கும். பிறகு ஒரு நட்டை அதன்மேல் நிறுத்தி, நட்டின் துவாரத்தின் வழியாகவே வெல்டிங் செய்து ஸ்டட்டோடு ஒட்டவைத்தார். திருகுவதற்கு ஒரு தலை கிடைத்தது என்பதோடு அந்த வேலையின் பயன் முடிந்துவிடவில்லை. 8 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பை 500 பாகை காய்ச்சினால் அது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு பருக்கிறது. பருக்கையில் தன்னைச் சூழ்ந்த துருவை நசுக்கிப் பொடியாக்குகிறது. ஆறும்போது சுருங்கி, அந்தப் பொடியிலிருந்து விலகிக்கொள்கிறது. செந்நிறம் மறைந்தபின் ஒரு மெழுகுவர்த்தியை அதன் அடியில் அவர் வைத்தார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சப்பட்டுப் போவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

ஸ்பானரை மாட்டிய பிறகு அவர் உடனே கழற்றவில்லை. முதலில் முடுக்கினார், பின்பு கழற்றினார், மறுபடியும் முடுக்கினார். துரு விட்டால் ‘டக்’ என்று ஒரு சுருக்கமான சப்தம் கேட்கும். அதற்கு மாறாக, சப்தமில்லாமல் ஸ்பானர் மெத்தென்று நகர்ந்தால் உள்ளே இரும்பே முறுகுகிறது என்று அர்த்தம், உடனே கையை நிறுத்த வேண்டும். இந்த பேதத்தை அவருடைய உள்ளங்கை அறிந்திருந்தது. ஸ்டட் வெளியே வந்ததும் அவர் முதலில் பார்த்தது அதை அன்று. விளக்கைத் துவாரத்தில் காட்டி, மரைகள் முழுமையாக இருப்பதைக் கண்டு, மரை வெட்டும் கருவியான டேப்பை விட்டு மெள்ளத் துப்புரவு செய்தார்.

அந்த டேப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு அவர் தகரப் பெட்டியைக் கிளறியது என் சிந்தனையை வெகுதூரம் இழுத்துச் சென்றிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் போல்ட் மற்றொன்றின் நட்டில் ஏறாது. ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விட்வர்த், பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணமுள்ள பொது மரை ஒன்றை 1841-இல் முன்வைத்தார். எவருடைய மரையையும் இகழாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட அந்த முறையை நான் மிகவும் போற்றுகிறேன். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகையே உசிதம் என்றார். இந்த ஐந்து பாகை வித்தியாசம் இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாடுகளைப் பெருந்தொல்லைக்கு உள்ளாக்கிற்று. 1948-இல்தான் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒரே மரைக்கு உடன்பட்டன. பெரியவர் இந்தச் சரித்திரத்தைப் படித்தவர் அல்லர். எனினும் பழைய ஸ்டட்டின் மரையோடு டேப்பின் மரையைப் பதித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையில் ஒளி கசிகிறதா என்று பார்த்தே சரியானதை எடுத்தார்.

போல்ட் துருப்பிடிக்காமலே இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம். துருப்பிடிக்காத இரும்பு என்றால் நம்மவர்களுக்கு டெல்லி மெஹ்ரோலியிலுள்ள இரும்புத் தூண்தான் நினைவுக்கு வரும். சுமார் 1,600 வருஷங்களாக அது நிற்பதற்கு அதிலுள்ள பாஸ்பரஸ் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காப்பதே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். ஆனால் அதே பாஸ்பரஸ் இரும்பை நொறுங்கும் தன்மையுள்ளதாக்குவதால், இழுப்பையும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டிய போல்ட்டுக்கான எஃகிலிருந்து அதைப் பிரயாசைப்பட்டு நீக்கிவிடுகிறார்கள். தூணுக்குக் கிடைத்த கவசம் போல்ட்டுக்கு வாய்ப்பதில்லை. துத்தநாகம் பூசலாமென்றால், 420 பாகைக்குள் உருகிவிடும் அந்த உலோகம் மானிஃபோல்டின் அருகே நிலைப்பது கடினம். பழைய ஆங்கிலேயக் கார்களைச் செய்தவர்கள் இதற்கு ஓர் அருமையான உபாயம் கண்டிருந்தார்கள்: எஃகு ஸ்டட்டுக்குப் பித்தளை நட். பித்தளை துருவேறிப் பருப்பதில்லை. எத்தனை வருஷமானாலும் கழன்று வரும். ஆகையால் என் வண்டியின் மானிஃபோல்டில் கை வைக்கும் எவரிடமும் பித்தளை நட்டுகளையே போடும்படி நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னால், லேத்தில் கடைந்து வாங்கி வருவதற்கு நானே புறப்பட்டுவிடுகிறேன்.