தூண்கள் அகற்றப்படும் முன்



நமதூர்ப் பழைய பள்ளிவாசலின் உட்பகுதி விரிவாக்கப்படவுள்ளது. ஜுமுஆவுக்கு வருவோர் வெயிலில் நின்று தொழ வேண்டியிருப்பதால் ஜமாஅத்தாரின் முடிவில் நமக்கு மறுப்பில்லை. எனினும் நடுவிலுள்ள கல்தூண் வரிசைகள் இனி இரா. மிஹ்ராபின் எதிரே நின்று ஒருவர் சுற்றிலும் காண்பதைப் போன்ற முழுவட்டப் படமொன்றை அதற்குமுன் எடுத்துவைக்குமாறு முத்தவல்லி அவர்கள் நம் மத்ரஸாவிடம் பொறுப்பளித்தார்கள்.

படங்களை ஒட்டி அகலக் காட்சி ஆக்குவது பழைய கலைதான். எகிப்தியப் படைப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் ஒளிப்படமாக்கினார். அடுத்தடுத்து எடுத்த படங்களை அருகருகே ஒட்டி ஹரமின் அகலக் காட்சியையும் உருவாக்கினார். இன்று கணினி செய்வதும் அதே ஒட்டுவேலை.

கைபேசியே போதுமென்றனர் மாணவர்கள். கடற்கரைக்குப் போதும், தூண்களுக்கிடையே போதாது. ஒரு விரலை முகத்தருகே நீட்டி, கண்களை மாறிமாறி மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரின்மீது விரல் இடம் பெயரும். கேமராவைக் கையில் பிடித்துச் சுழலும்போது வில்லையும் நகர்வதால், அருகிலுள்ள தூண் அவ்வாறே இடம் பெயர்கிறது. அத்தகைய இரு படங்களை இணைத்தால் தூண் உடைந்தோ இரட்டையாகவோ தெரியும். அல்லது மென்பொருள் விளிம்பை மழுப்பி, இல்லாத வடிவமொன்றைக் காட்டும். இதையே நாம் அதிகம் அஞ்சினோம். பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. ஒப்பிடுவதற்குக் கல்லும் இராது.

ஒரே சொடுக்கில் முழுவட்டமும் எடுக்கும் இருவில்லைக் கேமராக்களையும் பார்த்தோம். இரு வில்லைகளும் ஒரே புள்ளியில் அமைய இயலாதாகையால், அருகிலுள்ள பொருள்களில் அதே சிக்கல் எழுகிறது.

முடிவில் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கினோம். மெகாபிக்சல் எண்ணிக்கையை நாம் பொருட்படுத்தவில்லை. ஒளியளவு, குவியம், வெண்சமநிலை மூன்றையும் கையால் நிலைநிறுத்த முடிகிறதா என்பதையே பார்த்தோம். தானியங்கி முறையில் விட்டால் சன்னலருகே ஒரு படம் இருண்டும் அடுத்தது வெளுத்தும் போய், சுவரில் பட்டைகள் விழும். கேமராவில் மிஞ்சிய பணத்தில் பனோரமா தலை வாங்கினோம். வில்லையினுள் ஒளி நுழையும் புள்ளியையே அச்சாக்கிக் கேமராவைச் சுழற்றும், முக்காலியின் மேல் பொருத்தும் கருவி அது. அருகில் ஒரு கோலையும் தொலைவில் ஒரு கோலையும் நட்டு, சுழற்றும்போது ஒன்று மற்றொன்றை விட்டு விலகாத இடம் வரை கேமராவைப் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்தோம்.

18 மி.மீ. வில்லை, கேமரா நெட்டுவாக்கில், 30 பாகைக்கு ஒரு படம். ஒரு சுற்றுக்கு 12 வீதம் மூன்று சுற்றுகள், கூரைக்கும் தரைக்கும் ஒவ்வொன்று, ஆக 38.

மென்பொருளில் பிடிஜியுஐ விரைவானது, விலையுடையது. நாம் தேர்ந்தது ஹியூகின். இலவசம் என்பது மட்டும் காரணமன்று. பலர் நம்பியிருந்த ஆட்டோபானோ 2018இல் நிறுத்தப்பட்டது. ஹியூகினின் மூலநிரல் எவருக்கும் திறந்துள்ளது. அதன் திட்டக் கோப்பும் வெறும் எழுத்துக் கோப்பே. நம் பேரப்பிள்ளைகளும் அதைத் திறந்து படிக்கலாம்.

சிரமமும் இருந்தது. தூண்கள் ஒன்றுபோல் இருப்பதால் மென்பொருள் நான்காம் தூணை ஐந்தாம் தூணோடு பொருத்தியது. சுண்ணாம்புச் சுவரிலோ அதற்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. மாணவர்கள் அமர்ந்து, கல்லின் வடுக்களைப் பார்த்துப் பார்த்துப் புள்ளிகளைக் கையால் இட்டனர். தினமும் சாய்ந்து ஓதும் தூணில் இத்தனை வடுக்கள் உண்டென்பதை அன்றுதான் கண்டனர்! உளூச் செய்து வந்த பெரியவர் ஒருவர் மூன்று தூண்களுக்கருகே மூன்று முறை நின்றிருந்தார். அவரை மறைப்புக் கருவியால் நீக்கினோம்.

இணைத்த படத்துடன் மூலப் படங்கள் 38ஐயும் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படைத்துள்ளோம். ஒட்டிய இடத்தில் எவருக்கேனும் ஐயமெழுந்தால் மூலத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஹவ்ளும் மாடித்தளமும் மீதமுள்ளன. இன்ஷா அல்லாஹ், வரும் வியாழன் லுஹருக்குப் பின் எடுக்கவுள்ளோம்.