ஒரு நூலும் 750 மணி நேரமும்

ஹூஸ்டன், டெக்சஸ்



போன சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் சாலைக்குப் போயிருந்தேன். ஹூஸ்டனின் தென்மேற்கில் இருக்கும் இந்தப் பகுதிக்கு 2010-ல் மகாத்மா காந்தி வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள். மளிகைக் கடை, நகைக் கடை, புடவைக் கடை என்று வரிசையாக நம் முகங்கள்தான். அந்த வரிசையில் ஒரு சின்ன பியூட்டி பார்லர். அங்கே மூன்றாவது நாற்காலி திண்டுக்கல் அக்காவுடையது.

"சாஞ்சுக்கம்மா. மேல் இமையை ரெண்டு விரலால இழுத்துப் பிடி" என்று சொல்லிவிட்டு, அக்கா கண்டிலிருந்து வெள்ளை நூலை இரண்டு முழம் இழுத்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். மீதியைக் கையில் வளைத்து, நடுவில் நாலைந்து முறுக்குப் போட்டார். புருவத்தில் கொஞ்சம் பவுடர். விரல்கள் விரிந்து சுருங்க, முறுக்கு முன்னும் பின்னும் ஓடி, வேண்டாத முடியை மட்டும் வேரோடு எடுத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டு புருவமும் முடிந்தது. பயன்படுத்திய நூலை அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்தவருக்குப் புது நூல். கத்தி, மெழுகு, ரசாயனம் எதுவும் இல்லாத வேலை.

இந்த வேலையைச் செய்ய, சில வருடங்களுக்கு முன்புவரை டெக்சஸ் மாநில அரசு 750 மணி நேரப் பயிற்சி கேட்டது. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

அக்கா 2012-ல் தம்பி ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் இங்கே வந்தார். அப்போது வயது நாற்பத்து மூன்று. ஊரில் வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு, பன்னிரண்டு வருடம் பார்லர் நடத்தியவர். முடி வெட்டுவார், கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வார், ஐப்ரோ எடுப்பார். கையில் தொழில் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் விமானம் ஏறினார். இங்கே ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றே: "லைசென்ஸ் இருக்கா?" கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. லைசென்ஸ் இல்லாத ஆளை வைத்திருந்தால் அபராதம் அவர்கள் தலையில் விழும்.

அந்த லைசென்ஸுக்கு அழகுக்கலைப் பள்ளியில் 750 மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் இருந்தன. தமிழில் எழுத வழியில்லை. பள்ளிக் கட்டணம் அப்போது 3,500 டாலரிலிருந்து 9,000 டாலர் வரை. இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலான பள்ளிகளில் த்ரெட்டிங் என்னும் இந்த நூல் வேலையைக் கற்றுத் தரவே இல்லை. தேர்விலும் அது கிடையாது. நூல் பிடிக்கத் தெரிந்தவர், நூல் பிடிக்கும் உரிமைக்காக, நூலைத் தொடாமலே மாதக்கணக்கில் படிக்க வேண்டியிருந்தது.

அதனால் அக்கா ஓர் இந்திய மளிகைக் கடையின் பின்கட்டுச் சமையலறையில் சமோசா மடிக்கப் போனார். மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-ல் மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி அது. டெக்சஸில் இன்றும் அதுவேதான்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 9,000 டாலர் கட்டணத்தைக் கட்ட 1,241 மணி நேரம் சமோசா மடிக்க வேண்டும். அதையும் வரி, வாடகை, சாப்பாடு எதற்கும் ஒரு காசு எடுக்காமல் சேர்க்க வேண்டும். பள்ளியில் 750 மணி உட்கார்ந்தால் அந்த நேரத்துக் கூலியாக 5,400 டாலருக்கு மேல் போய்விடும். வேலையை விடாமல் மாலையில் வாரம் 15 மணி நேரம் படித்தால், முடிக்க 50 வாரம். "படிக்கிறதுக்கு நான் பயப்படலம்மா. அந்த ஒரு வருசம் வீட்டுல அடுப்பு எரியணுமே" என்று அக்கா சொன்னது இந்தக் கணக்கின் சாரம். வசதி உள்ளவருக்கு 750 மணி என்பது ஒரு படிப்பு. கூலிக்காரருக்கு அது ஒரு சுவர்.

இந்தச் சுவரை எதிர்த்து டெக்சஸில் த்ரெட்டிங் தொழிலாளர்கள் சிலர் 2009-லேயே வழக்குப் போட்டிருந்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள், மேல் முறையீட்டிலும் தோற்றார்கள். 2015 ஜூன் 26 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்று படிப்பது இதைத்தான். 750 மணியில் 320 மணி வரை த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாத பாடம் என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. பொதுமக்களின் உடல்நலத்தைக் காக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் அந்த நோக்கத்துக்கும் இந்தச் சுமைக்கும் பொருத்தம் இல்லாதபோது, அது மாநில அரசியல் சட்டத்துக்கே விரோதமான அடக்குமுறை ஆகிவிடுகிறது என்பது தீர்ப்பின் சுருக்கம். அன்றுதான் ஒரே பாலினத்தவர் திருமணம் குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே அதைப் பேசிக்கொண்டிருந்ததால் இந்தத் தீர்ப்பு பலர் கண்ணில் படவில்லை. ஹில்கிராஃப்டில் பட்டது. சில வாரங்களில் அக்காவுக்கு நாற்காலி கிடைத்தது.

இது ஒரு தொழிலின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1950-களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் மாநில உரிமம் வாங்கி வேலை செய்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2015-ல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, இன்று நான்கில் ஒருவருக்கு உரிமம் தேவைப்படுகிறது என்று கவலைப்பட்டது. த்ரெட்டிங் வழக்கை நடத்திய இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற சட்ட அமைப்பு, குறைந்த வருமானம் தரும் 102 தொழில்களை எடுத்து 50 மாநிலங்களிலும் ஆராய்ந்து வருகிறது. 2022-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இந்தத் தொழில்களுக்கு உரிமம் வாங்கச் சராசரியாக ஏறக்குறைய ஒரு வருடம் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் போகிறது. அதற்கு மேல் ஒரு தேர்வு, அரசுக்கு 295 டாலர் கட்டணம். பள்ளிக் கட்டணம் இதில் சேரவில்லை.

கறுப்பின மக்களின் சடை பின்னல் கலையைப் பாருங்கள். தாயிடமிருந்து மகளுக்கு வரும் கலை அது. கத்தரிக்கோலும் இல்லை, சாயமும் இல்லை. மிசிசிப்பி மாநிலம் 2005-ல் சட்டத்தைத் திருத்தி, பின்னல்காரர்கள் 25 டாலர் கட்டிப் பதிவு செய்து, சுத்தம் பற்றிய சிறு கையேட்டைப் படித்தால் போதும் என்றது. பக்கத்து மாநிலமான லூசியானா 500 மணி நேரப் பயிற்சி கேட்டது. 2012-ல் மிசிசிப்பியில் பதிவு செய்திருந்த பின்னல்காரர்கள் 1,200-க்கும் மேல். லூசியானாவில் உரிமம் வைத்திருந்தவர்கள் 32 பேர். லூசியானாவில்தான் கறுப்பின மக்கள்தொகை அதிகம். மற்றவர்கள் பின்னுவதை விட்டுவிட்டார்களா என்ன? வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, யார் புகார் கொடுப்பாரோ என்று பயந்து பயந்து பின்னினார்கள், அல்லது வேறு கூலி வேலைக்குப் போனார்கள். பல மாநிலங்களில் பின்னல்காரர்கள்மேல் வந்த புகார்களை ஆராய்ந்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை "இவரிடம் லைசென்ஸ் இல்லை" என்ற புகார்கள். தலையில் காயம் பட்டது என்று வந்தவை மிக அரிது.

விதியை எழுதுவது யார் என்று பார்த்தால் இதன் வேர் தெரியும். பல மாநிலங்களில் உரிம வாரியத்தில் அமர்ந்திருப்பவர்கள் அதே தொழிலில் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள். வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியத்தில் எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். வணிக வளாகங்களில் குறைந்த விலைக்குப் பல்லை வெண்மையாக்கிக் கொடுத்த சாதாரணக் கடைக்காரர்களுக்கு, தொழிலை நிறுத்தச் சொல்லி அந்த வாரியம் 47 கடிதங்களாவது அனுப்பியது. 2015 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. போட்டியாளர்களே கட்டுப்படுத்தும் வாரியம், அரசின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல், போட்டித் தடைச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க முடியாது என்றது. கடை வைத்திருப்பவரிடமே புதுக் கடைக்கு அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தால், தெருவில் இரண்டாவது கடை வருமா?

உரிமமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் மின்கம்பி இழுப்பவருக்கும் கண்டிப்பான பயிற்சி வேண்டும். 1889-லேயே உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்கு உரிமம் கேட்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு. பியூட்டி பார்லரிலும் சுத்தம் வேண்டும். ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்குத் தொற்று போகக் கூடாது. ஆனால் அதைக் கற்பிக்க எத்தனை மணி நேரம் வேண்டும்? விபத்தில் அடிபட்டவருக்கு மூச்சு நிற்காமல் பார்த்து ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் அடிப்படை அவசர மருத்துவ உதவியாளருக்கு, இதே டெக்சஸில் 150 மணி நேரப் பயிற்சிதான் குறைந்தபட்சத் தேவை. நகத்துக்குப் பாலிஷ் போடுபவருக்கு 600 மணி. உயிரைக் காப்பவரைவிட நகம் வெட்டுபவருக்கு நாலு மடங்கு பயிற்சி கேட்கும் சட்டம், ஆபத்தை அளந்து எழுதிய சட்டம் ஆகாது.

இந்த மணிக் கணக்கின் பின்னால் கடனும் இருக்கிறது. அழகுக்கலைப் படிப்பின் சராசரிச் செலவு 16,000 டாலருக்கு மேல் என்கிறது இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் அமைப்பின் 2021-ம் ஆண்டு ஆய்வு. பெரும்பாலானவர்கள் உரிய காலத்துக்குள் படிப்பை முடிப்பதில்லை. கல்விக் கடன் வாங்கிப் படித்தவர், தவணை கட்டத் தவறினால் என்ன ஆகும்? 2019 வரை டெக்சஸில் அவருடைய தொழில் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. கடனைக் கட்டச் சொல்லி, கட்டுவதற்குச் சம்பாதிக்கும் கையையே கட்டிப்போடும் சட்டம். 2019-ல் சட்டமன்றம் அதை நீக்கியது. அந்த அளவில் மகிழ்ச்சி.

வேறு சில நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. ஒரு மாநிலத்தில் வாங்கிய உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாததால், கணவருக்கு வேலை மாறி ஊர் பெயரும் பெண்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2019-ல் அரிசோனா மற்ற மாநில உரிமங்களைப் பரவலாக ஏற்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. டெக்சஸ் முடி அலங்காரம் செய்பவர்களுக்கான பயிற்சியை 1,500 மணியிலிருந்து 1,000 மணியாகக் குறைத்திருக்கிறது.

அந்த 1,000 மணிதான் அக்காவின் இன்றைய சுவர். பணம் கொடுத்துவிட்டு எழுந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் முடி வெட்டுவதை அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்பக்கம் ஒரு விரக்கட ஏத்தி வெட்டியிருக்கணும்" என்று என் காதில் மட்டும் சொன்னார். பன்னிரண்டு வருடம் கத்தரி பிடித்த கண் அது. இந்த நாட்டில் அவர் கத்தரியைத் தொட முடியாது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனி ஆயிரம் மணி உட்கார அவரால் ஆகாது.

கைத்தொழிலை நம்பி இங்கே வரப்போகும் உறவினர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒன்று சொல்லி அனுப்புங்கள். போகிற மாநிலத்தில் அந்தத் தொழிலுக்கு என்ன உரிமம், எத்தனை மணி, எவ்வளவு செலவு என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இங்கே குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கோயில் விழாவுக்கு வரும்போது மாலை போடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: கை தேர்ந்த ஒருவர் நேராக வந்து தேர்வு எழுதி, செய்து காட்டி, சுத்தத்தின் விதிகளைத் தெரிந்துகொண்டு உரிமம் வாங்க ஏன் வழி இல்லை? மணியை எண்ணும் சட்டம், திறமையை எப்போது பார்க்கும்?

இப்படிக்கு,
உங்கள் ஹூஸ்டன் சகோதரி