அவருக்கு என்ன வாங்குவது?

"எனக்கு எதற்கு இதெல்லாம்?"

வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு ஏதாவது பரிசு வாங்கிக் கொடுத்துப் பார்த்த சகோதரிகள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேட்பவர் பாசாங்கு பண்ணவில்லை. தமக்கு ஒன்றும் தேவையில்லை என்று உண்மையாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்ப்பார், "நன்றாயிருக்கிறது" என்பார், அப்புறம், "பத்திரமாக உள்ளே எடுத்து வை" என்று மனைவியிடம் நீட்டிவிடுவார். பீரோவுக்குள் போன சாமான் போனதுதான்.

பெண்கள் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. புடவையின் நிறம் பிடிக்காவிட்டால் அவள் முகத்திலேயே தெரிந்துவிடும். மறுநாளே கடைக்குப் போய், கூடப் பத்து ரூபாயானாலும் போட்டு, வேறு ஒன்று மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள். ஆண்பிள்ளைகள் மாற்றவும் மாட்டார்கள், உபயோகிக்கவும் மாட்டார்கள், பிறத்தியாருக்குத் தூக்கிக் கொடுக்கவும் மாட்டார்கள்.

என் தகப்பனார் முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். அவர் காலமான பிறகு, காரியங்கள் எல்லாம் முடிந்து, ஒரு நாள் மத்தியானம் நானும் அக்காவும் அவருடைய பீரோவை ஒழித்தோம். வெல்வெட் பெட்டியில் பேனா ஸெட் மூன்று இருந்தன. செல்லோபேன் காகிதம் பிரிக்காத சட்டைகள்; காலரில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்துத் துணியில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. மூலையில் அவர் பெயரின் முதலெழுத்துத் தைத்த கைக்குட்டைகள் ஒரு டஜன். அப்புறம் ஒரு டை பின்! ஆயுளில் ஒரு நாள்கூட டை கட்டாத மனிதருக்கு அதை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் நிஜமாக உபயோகித்தவை பீரோவுக்கு வெளியே இருந்தன. ஆணியில் இரண்டு தடவை கம்பி மாற்றிய குடை. ஜன்னல் விளிம்பில் மூக்குக் கண்ணாடிக் கூடு. அதன் பக்கத்தில் எச்.எம்.டி. 'ஜனதா' கைக்கடிகாரம். பெங்களூரில் 1961-ல் ஜப்பான் தேசத்து சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு செய்ய ஆரம்பித்தார்களே, அந்தக் குடும்பத்துக் கடிகாரம். 2016-ல் அரசாங்கம் அந்தக் கடிகாரத் தொழிலையே மூட முடிவெடுத்தபோது, பழைய நண்பர் போய்விட்டாரென்று கேள்விப்பட்டதுபோல் இருந்தது எனக்கு. அப்பா தினம் ஸ்நானம் பண்ணி, விபூதி இட்டுக்கொண்டு, அதற்குச் சாவி கொடுப்பார். வார் நாலு தடவை மாறியிருக்கும். கடிகாரம் மாறவில்லை.

அதுவும் ஒரு பரிசுதான். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பேனா ஸெட்டையும் அதே போன்ற கூட்டங்களில்தான் கொடுத்திருக்கிறார்கள். அவையெல்லாம் தூங்க, இது மட்டும் ஏன் அவர் கையில் ஏறியது? அந்தக் கதையை அப்பாவின் பழைய சகா ஒருவர் எனக்குச் சொன்னார். அப்பாவின் பழைய கடிகாரம் நின்றுபோய் ஒரு வருஷமாகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெறும் மணிக்கட்டோடு வந்து, வகுப்பு முடிகிற சமயத்துக்குப் பியூனை ஜாடையாகக் கூப்பிட்டு மணி கேட்டுக்கொண்டிருந்தாராம். அதை டிராயிங் மாஸ்டர் கவனித்திருக்கிறார். பரிசுக்குப் பணம் வசூலானதும், "வெள்ளிக் குத்துவிளக்கு வேண்டாம், கடிகாரம் வாங்குங்கள்" என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். சித்திரம் போடுகிறவருடைய கண் அல்லவா!

ஆண்களுக்குப் பரிசு வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் அந்த மனிதரைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். எதைக் கயிறு போட்டுக் கட்டி உபயோகிக்கிறார்? எதற்காக இன்னொருவரைக் கூப்பிடுகிறார்? எதைச் செய்வதை அவர் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்? முதலிரண்டும் சுலபம். மூன்றாவதுதான் கண்ணில் படாது.

நம் பெரியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. கல்யாணத்தில் காசி யாத்திரை போகிறானே பிள்ளை, அவன் கையில் என்ன கொடுக்கிறோம்? குடை, விசிறி, கைத்தடி, காலுக்குச் செருப்பு. வெயிலில் நடக்கிறவனுக்கு வேண்டிய சாமான்கள். அலங்காரத்துக்கு ஒன்றும் கிடையாது. அவன் நாலு அடி போய்த் திரும்பிவிடப் போகிறான் என்று தெரிந்தும், வழிக்கு வேண்டியதைக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். வேடிக்கை என்னவென்றால், இருபத்தைந்து வயதில் சிரித்துக்கொண்டே கைத்தடியை வாங்கிக்கொள்ளும் அதே மனிதர், எழுபதில் அதை நீட்டினால் கோபித்துக்கொள்வார். 'கிழவன்' என்று சொன்னதாக அர்த்தமாகிவிடுமாம். அப்படிப்பட்டவருக்கு வளைந்த பிடியுள்ள நீளக் குடை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். மழை வந்தால் பிரிப்பார். மழை இல்லாத நாளெல்லாம் ஊன்றிக்கொண்டு நடப்பார். குடைதானே என்று அவருக்கும் கௌரவமாயிருக்கும்.

காந்தியடிகளுக்கு வந்த பரிசுகள் கணக்கில் அடங்குமா? ஆனால் ராஜமகேந்திரவரத்துக் கே. வி. ரத்னம் உள்நாட்டிலேயே செய்த பேனா ஒன்றை அனுப்பியபோது, மகாத்மா அதில் எழுதிப் பார்த்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் மூலமாக அது அவர் கைக்கு வந்தது. 1935-ல் ரத்னத்துக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதியபோது, தாம் அதை உபயோகித்ததாகவும், கடைகளில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் குறிப்பிட்டார். பாராட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 'உபயோகித்தேன்' என்று எழுதினாரே, ஒரு தொழிலாளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு நேர் விரோதமானது நம் மேடைகளில் போர்த்தும் பொன்னாடை. எழுத்தாளர் வீட்டில் குடியிருக்கிற பாவத்துக்கு எங்கள் வீட்டு அலமாரியின் ஒரு தட்டு முழுக்க அதுதான். ஜரிகை குத்தும், குளிருக்கும் ஆகாது, துடைக்கவும் ஆகாது. 2017-ல் மு. க. ஸ்டாலின், தமக்குச் சால்வையும் மாலையும் வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டபோது, கட்சி வித்தியாசம் பாராமல் நான் மனசுக்குள் கைதட்டினேன்.

சரி, எதை வாங்குவது என்று தெரிந்துவிட்டது, எப்படிக் கொடுப்பது? இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் அக்கா.

அத்திம்பேர் ஆயுள் முழுவதும் வேட்டி கட்டியவர். ஆபீஸுக்கும் அதுதான், கச்சேரிக்கும் அதுதான். 2014-ல் வேட்டி கட்டிய ஹைகோர்ட் நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விட மறுத்து, அது பெரிய ரகளையாகி, பொது இடங்களில் வேட்டியைத் தடுக்கக்கூடாது என்று அந்த வருஷமே சட்டசபையில் சட்டம் வந்ததல்லவா? அன்று அத்திம்பேர் வீட்டில் பாயசம்! அப்படிப்பட்டவருக்கு ஐந்து வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, வலது கை விரல்களில் மட்டும் பிடிப்பு வரவில்லை. வேட்டியை இழுத்துச் செருக முடியாது. அக்கா கட்டிவிட்டால் வீட்டுக்குள் சரி, வெளியில் அவிழ்ந்துவிட்டால்? பெல்ட்டைத் தளர்த்தி மறுபடி மாட்டவும் அந்தக் கை இடம் கொடுக்கவில்லை. "டிசம்பர்லே கூட்டம் ஜாஸ்தி, நான் வரலை" என்றார் அத்திம்பேர். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். கச்சேரிக்கு வராததற்குக் கூட்டம் காரணமில்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மார்கழி ஆயிற்று.

இப்போது இடுப்பில் ஒட்டிக்கொள்ளும்படி வெல்க்ரோப் பட்டை வைத்துத் தைத்த வேட்டி வருகிறது. பக்கத்தில் பைகூட உண்டு. கட்டத் தெரியாத வாலிபர்களுக்காக என்று நாம் கேலி பண்ணிய சாமான். அக்காவின் பெண் நாலு வாங்கி வந்து, அழகாக ரிப்பன் கட்டிக் கொடுக்கப் போனாள். அக்கா தடுத்துவிட்டாள். ரிப்பனை அவிழ்த்து, லேபிளைக் கத்தரித்து, நாலையும் தண்ணீரில் போட்டுக் கஞ்சியை எடுத்து, காயவைத்து மடித்து, அவருடைய பழைய வேட்டிகளுக்கு நடுவில் செருகிவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் அத்திம்பேர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்துத் தாமே கட்டிக்கொண்டு வெளியே வந்து, "பேப்பர் வந்துதா?" என்று கேட்டார். அக்கா, "வந்துது" என்றாள். அவ்வளவுதான் சம்பாஷணை. அந்த மார்கழியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார், இடது கையால்.

அண்ணாவுக்கு நான் காப்பி பில்டர் வாங்கியதும் இந்த வழியில்தான்.

மன்னி போய் மூன்று வருஷமாகிறது. அண்ணா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பாத சாமான் இல்லை. காலைப் பிடித்துவிடும் இயந்திரம், நாடித்துடிப்பையும் நடந்த அடிகளையும் எண்ணும் கடிகாரம், எல்லாம் அட்டைப் பெட்டியோடு பரணில் இருக்கின்றன. போன தை மாதம் நாலு நாள் தங்கினேன். விடியற்காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால் காப்பி வாசனையே இல்லை. "நான் காப்பியை விட்டுட்டேன். வேணும்னா ஓட்டல்லேருந்து உனக்கு வாங்கிண்டு வரேன்" என்று பிளாஸ்கை எடுத்தார். காப்பியை விட்டுவிட்டாரா! பத்து வயதிலிருந்து குடிக்கிற மனிதர்!

அலமாரியில் மன்னியின் பித்தளை பில்டர் இருந்தது. ஆறு பேர் அளவு. அதில் ஒருவருக்கு வேண்டிய பொடியைப் போட்டால் என்ன ஆகும் என்று காப்பி போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொடி அடியில் காகிதம் மாதிரி மெல்லியதாகப் பரவி நிற்கும். வெந்நீர் அதில் தங்காமல் சரசரவென்று இறங்கிவிடும். டிகாக்ஷன் டீத்தண்ணீர் மாதிரி இருக்கும். பொடி கனமாக நின்று, நீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால்தான் சாரம் வரும். அண்ணா பொடியைக் கூட்டிப் போட்டிருக்கிறார், மிஞ்சியதைக் கொட்டியிருக்கிறார், மன்னி இருந்தால் கொட்ட விடுவாளா என்று நினைத்திருக்கிறார், கடைசியில் காப்பியையே நிறுத்திவிட்டார். கடையில் போய், "ஒரு ஆளுக்கு ஒரு பில்டர் கொடுங்கோ" என்று கேட்பது இருக்கிறதே, அது அவரால் முடியவில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருச்சி பெரிய கடை வீதிக்குப் பஸ் ஏறினேன். பாத்திரக் கடையில் உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை பில்டர் ஒன்று கிடைத்தது. கண்கள் சின்னதாக, ஒரே சீராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினேன். இதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கண் பெரிதாயிருந்தால் பொடி டிகாக்ஷனில் இறங்கிவிடும். ராத்திரி அண்ணா தூங்கிய பிறகு, புது உலோக வாடை போக இரண்டு தடவை பொடி போட்டு இறக்கிக் கொட்டினேன். பழைய பில்டரை அப்புறப்படுத்தவில்லை. அதன் பக்கத்திலேயே இதையும் வைத்துவிட்டேன், தாய்க்குப் பக்கத்தில் குழந்தை மாதிரி.

காலையில் அண்ணா பார்த்தார்.

"இது ஏது?"

"இங்கேதான் இருந்தது" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பொடி டப்பாவைத் தேடினார். அது காலியாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

நான் ஊர் திரும்பி ஒரு மாதமிருக்கும். டெலிபோன் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில், "அந்த பில்டர் போறலைடி" என்றார். எதிர் வீட்டில் ஒரு ரிடயரான ரயில்வேக்காரர் இருக்கிறாராம். காலை ஆறு மணிக்கு வாசனை பிடித்துக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாராம். "ரெண்டு பேர் அளவுலே கிடைக்குமான்னு பாரு."

வாங்கி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை எவர்சில்வர். காலை வேளையில் பேசுகிற மும்முரத்தில் பித்தளை தேய்க்க அண்ணாவுக்கு நேரமில்லையாம்.