ஸன்ஸிபார் செல்ல நாடுவோருக்கு

தான்சானியாவைச் சேர்ந்த ஸன்ஸிபார் தீவுக்குக் குடும்பத்துடன் செல்ல நாடும் சகோதரிகள் முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை. ரமழானில் பகல் வேளை உணவகங்கள் பல மூடியிருக்கும். நமக்கு அதனால் என்ன குறை? தாருஸ்ஸலாமிலிருந்து கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்குள்ளோரிற் பெரும்பாலோர் நம்மைப் போல் ஷாபிஈ மத்ஹபினரே.

பழைய நகரான ஸ்டோன் டவுனை 2000இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. பவளக்கல் வீடுகள், சித்திர வேலைப்பாடுள்ள மரக்கதவுகள். ஒழுங்கைகள் பல வாகனம் நுழையாத அளவு ஒடுக்கம். பெட்டி படுக்கையைக் குறையுங்கள்.

அடிமைச் சந்தை இருந்த இடத்துக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். இன்று அங்கே அங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. வெளியே ஒரு குழியில் கழுத்தில் சங்கிலி பூண்ட சிலைகள். தேவாலயம்தானே என்று விலகிப் போகாதீர்கள். பிரித்தானியரின் நெருக்குதலால் 1873இல் அச்சந்தையை மூடியவர் சுல்தான் பர்கஷ். விற்றவரிலும் வாங்கியவரிலும் முஸ்லிம்கள் இருந்தனர். அடிமையை விடுதலை செய்வதைப் பாவப் பரிகாரமாக்கிய மார்க்கம் நம்முடையது. அப்படியிருந்தும் இது நடந்தது. பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

மறுநாள் தெற்கே கிஸிம்காஸிப் பள்ளிவாசலுக்குப் போகலாம். ஹிஜ்ரி 500, அதாவது கி.பி. 1107 எனக் குறிக்கும் கூஃபி எழுத்துக் கல்வெட்டை அங்கே காணலாம்.