மலைக்காற்றுக்குக் கணக்கு வைப்பவர்

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்கு அது சுகமான குளிர். கார்புரேட்டர் வைத்த பழைய பைக்குக்கோ மூச்சுத்திணறல். காற்று குறைந்தாலும் பெட்ரோல் குறைவதில்லை. பிளக் கறுக்கும், புகை கக்கும், இழுவை விழும். வத்தலக்குண்டிலிருந்து ஊத்து, பெருமாள்மலை என்று ஏற ஏற இந்தக் கணக்கு மாறிக்கொண்டே போகும். அதைக் காதாலும் விரலாலும் சரிசெய்கிற மெக்கானிக் ஒருவரைப் பார்க்கத்தான் வத்தலக்குண்டுக்குப் போனேன்.

பட்டறையில் ஒரு ராஜ்தூத் 350 நின்றிருந்தது. யமஹாவின் ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வடிவம் அது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். அன்றைய இந்தியச் சாலைக்கு அந்த வேகம் புதிது. பெட்ரோல் செலவும் உதிரிபாக விலையும் வாங்க வந்தவர்களை மிரட்டின. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. இன்று ஓடும் நிலையில் ஒன்றைப் பார்ப்பதே அரிது.

இந்த வண்டியின் சொந்தக்காரர் கொடைக்கானல்வாசி. கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக அதைக் கீழே இறக்கியிருந்தார். மலைக்கென்று போட்டிருந்த சின்ன மெயின் ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை அது) சமவெளியில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், அடர்ந்த காற்றுக்கு ஈடான பெட்ரோல் கிடைக்காது. வெப்பம் ஏறி, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

“ஏறும்போது வண்டி முனகும், அவ்வளவுதான் தம்பி. இறங்கினப்புறம் ஜெட்டை மாத்தாம முறுக்கினா ஆளையே தூக்கிப் போட்டுரும்” என்றார் மெக்கானிக்.

இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றினார். ஊசிமுனை அளவு துளை கொண்ட பித்தளை ஜெட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரிய துளை உள்ளவற்றைப் பூட்டினார். இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு சைலன்சர்களின் வாயருகேயும் உள்ளங்கைகளை வைத்தார். இடதுபக்கத் துடிப்பு பிந்துகிறது என்று சொல்லி, கேபிள் திருகை மயிரிழை அளவு திருப்பினார். என் காதுக்கு முன்னும் பின்னும் ஒரே சத்தம்தான். ஆனால் வண்டியின் நடுக்கம் அடங்கியது கைப்பிடியில் தெரிந்தது.

“யார்கிட்டண்ணே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். சோழவரத்தில் பந்தய வண்டிகளுக்கு வேலை பார்த்த ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தாராம். உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்கள்தான், இருங்காட்டுக்கோட்டை தடம் வருவதற்கு முன் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடம்.

செட்டிபாளையத்தில் சில சுற்றுகள் ஓட்ட எனக்கும் இடம் கொடுத்தார்கள். குறைந்த சுழற்சியில் வண்டி சாதுவாகத்தான் போனது. நேர்த்தடத்தில் முள் ஐயாயிரத்தைத் தாண்டியதும் சத்தம் கீச்சென்று உயர்ந்தது. முன்சக்கரம் லேசானது, கைகள் நீண்டன, வளைவு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. முன்பக்கமும் டிரம் பிரேக்தான் என்பதால் வெகு முன்னதாகவே பிடிக்கவேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் அதிகம் இழுத்துப் பிடிக்காது. பிரேக், கியர், உடலின் சாய்வு மூன்றும் ஒன்றாக அமைந்த ஒரு வளைவில் இருந்து வெளியேறி மறுபடி முறுக்கியபோது ஹெல்மெட்டுக்குள் கத்தியேவிட்டேன். பயமும் ஆனந்தமும் பிரிக்கமுடியாத கத்தல் அது.

பிட்டுக்குத் திரும்பியதும் எல்லோரும் என்னிடம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். செங்கல் நிறம். “சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னார். நான் துணிந்து முறுக்கிய ஒவ்வொரு நொடிக்கும் அந்த நிறம்தான் உத்தரவாதம்.

பந்தயப் பட்டியல்களில் ஓட்டியவர் பெயர் இருக்கிறது, வண்டியின் பெயர் இருக்கிறது. இன்ஜினைத் தயார்செய்தவர் பெயரும் அதே வரியில் வரவேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் சாலையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. பிளக்கின் நிறத்தைப் படிக்கும் கண்ணும், புகையின் துடிப்பை அளக்கும் கையும் அவற்றோடு போய்விடக்கூடாது. திண்டுக்கல் வட்டாரத்து ஐடிஐ மாணவர்கள் இப்படியொரு பட்டறையில் சில வாரமாவது உட்கார்ந்து பழகட்டும். சொல்லிக்கொடுக்க அவர் தயாராக இருக்கிறார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.