அம்மம்மாவின் மிஸ்ட் கோல்

அம்மம்மா ஊரில் தனியத்தான் இருக்கிறா. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு எனக்கொரு மிஸ்ட் கோல் தருவா. எடுக்கக்கூடாது, எடுத்தால் அவவுக்குக் காசு போகும். "எழும்பிட்டன், சுகமா இருக்கிறன்" என்பதுதான் அதன் அர்த்தம்.

பரீட்சைக் காலத்தில் ஒருநாள் அது வரவில்லை. நான் கவனிக்கவேயில்லை. பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி கோல் எடுத்துச் சொன்னபிறகுதான் தெரியும்: விடியப்புறம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழும்ப ஏலாமல் நெடுநேரம் கிடந்திருக்கிறா.

ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருந்தபோது, தொலைத்தொடர்புப் பொறியியல் படிக்கும் அண்ணாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் 5ஜி பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கலைப்பீடக்காரியான எனக்கு போன் என்றால் கோபுரமும் சிக்னலும்தான். கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மைய வலையமைப்பு இருக்கிறதாம். அதற்குள் பல மென்பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. போனை ஓன் பண்ணியதும் எங்களைப் பதிவது ஏ.எம்.எஃப். டேட்டா இணைப்பை அமைப்பது எஸ்.எம்.எஃப். இது எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"என்.ஆர்.எஃப். எண்டொரு பதிவேடு இருக்கு. அதிட்டக் கேக்கும்."

ஒவ்வொரு மென்பொருளும் தன் வகை, முகவரி, தரக்கூடிய சேவைகளை அதில் தானே போய்ப் பதியவேண்டும். பதிந்தால் மட்டும் போதாது. குறித்த விநாடிகளுக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். இதை ஹார்ட்பீட் என்பார்கள். எத்தனை விநாடி என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

"அது வராட்டி?"

"இடைநிறுத்தம் எண்டு போடும். பேரை உடன அழிக்காது. ஆனா தேடுற ஆக்களுக்குக் காட்டாது. மாற்றம் வந்தாச் சொல்லு எண்டு முன்னமே கேட்டு வைச்சவைக்குத் தகவல் அனுப்பும்."

அண்ணாவுக்கு அது பாடம். எனக்கோ நெஞ்சில் குத்தியது. அம்மம்மா தன் பங்கை ஒருநாளும் விட்டதில்லை. கோல் வந்தால் எனக்குச் சந்தோசம். வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்ததேயில்லை. அந்தப் பதிவேடு செய்வது பெரிய வித்தையில்லை. நேரம் தவறினால், தவறியது என்று கவனிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஆறரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அதற்குள் மிஸ்ட் கோல் வராவிட்டால் நான் எடுப்பேன். பதில் இல்லையென்றால் மாமிக்குச் சொல்வேன்.

போன கிழமை அப்படித்தான், மாமி ஓடிப்போய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. கொஞ்சநேரத்தில் அம்மம்மாவே எனக்குக் கோல் எடுத்தா. காசு போனாலும் பரவாயில்லை என்று.

"தேத்தண்ணி வைச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குள்ள என்னடி அவசரம்?"